ஆறு வாரமும் ஐம்பத்திரண்டு வாரமும்

டென்னிஸ் எல்போ வலியை ஆறு வாரத்துக்குள் அடக்கும் சிகிச்சை எது என்று கேட்டால், ஸ்டீராய்டு ஊசி என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிசியோதெரபியின் ஆதரவாளர்கள் இதை உரக்கச் சொல்வதில்லை. ஆனால் டென்னிஸ் காயங்களுக்குப் பிசியோதெரபி எவ்வளவு தூரம் உதவும் என்று எடைபோட வருகிறவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டென்னிஸில் காயங்கள் அதிகம் வருவது காலில்தான் என்றாலும், ஊசி, பிசியோதெரபி, பொறுத்திருப்பது என்ற மூன்று வழிகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வுகள் கிடைக்கிற இடம் முழங்கைதான். அதனால் முதலில் முழங்கை.

2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வெளியானது. பிரிஸ்பேனில் 198 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசி. இன்னொன்றுக்கு ஆறு வாரத்தில் எட்டு முறை பிசியோதெரபி. மூன்றாவது குழுவுக்கு அறிவுரை மட்டும்: பொறுத்திருங்கள், தானாகச் சரியாகும், வலியைக் கிளப்புகிற வேலையைக் குறையுங்கள். ஆறாவது வாரம் கேட்டபோது ஊசிக் குழுவில் 78 சதவீதம் பேர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். பிசியோ குழுவில் 65 சதவீதம். பொறுத்திருந்தவர்களில் 27 சதவீதம். அன்றோடு கணக்கை மூடியிருந்தால் ஊசி போடும் மருத்துவர்கள் கொண்டாடியிருப்பார்கள்.

ஆய்வாளர்கள் ஓராண்டு காத்திருந்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட 65 பேரில் 47 பேருக்கு வலி திரும்பியது. 52-வது வாரத்தில் தேறியிருந்தவர்கள் ஊசிக் குழுவில் 68 சதவீதம்தான். பிசியோ குழுவில் 94. நெதர்லாந்தில் 185 பேரை வைத்து நடந்து 2002-ல் லான்செட்டில் வந்த ஆய்வும் ஏறக்குறைய இதே கதையைச் சொல்லியிருந்தது. அங்கே ஆறாவது வாரத்தில் ஊசிக்கு 92, பிசியோவுக்கு 47. ஓராண்டு முடிவில் ஊசிக்கு 69, பிசியோவுக்கு 91.

பிசியோ கிளினிக்குகளின் விளம்பரத்தில் இந்த எண்கள் வருவதுண்டு. மூன்றாவது குழுவின் எண் மட்டும் வராது. பிரிஸ்பேனில் ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களில் ஓராண்டு முடிவில் 90 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். நெதர்லாந்தில் 83. பிரிஸ்பேனில் பிசியோவின் 94-க்கும் காத்திருப்பின் 90-க்கும் உள்ள இடைவெளி புள்ளியியல் கணக்கில் நிற்காது. ஆக, எட்டு முறை போய்வந்து, பணம் கட்டி, பயிற்சி செய்து ஓராண்டு முடிவில் கிடைத்தது, வீட்டில் பொறுமையாக இருந்தவருக்குக் கிடைத்ததேதான்.

அப்படியானால் பிசியோதெரபி வீண் செலவா? அவசரப்பட வேண்டாம். அதே பிரிஸ்பேன் ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு தகவல் உண்டு. பிசியோ குழுவில் இருந்தவர்கள் மற்ற இரண்டு குழுக்களையும்விடக் குறைவாகவே வலி மாத்திரை முதலிய வேறு சிகிச்சைகளைத் தேடிப் போனார்கள். பொறுத்திருக்கச் சொல்லப்பட்டவர் உண்மையில் பொறுத்திருக்கவில்லை. மருந்துக் கடைக்குப் போனார், வேறு மருத்துவரிடம் போனார். காத்திருப்பு என்பது காகிதத்தில் இலவசம். நடைமுறையில் அதற்கும் செலவு உண்டு.

இதே பிரிஸ்பேன் குழுவினர் 2013-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இன்னும் கறாரான ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். 165 பேர். பாதிப் பேருக்கு உண்மையான ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு வெற்று ஊசி. இந்த இரண்டு பாதியிலும் ஒரு பகுதியினருக்குப் பிசியோதெரபி, மற்றவர்களுக்கு இல்லை. ஓராண்டில் ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. வெற்று ஊசி போட்டவர்களில் 12 சதவீதம். எதுவுமே இல்லாத திரவத்தைவிட மருந்து மோசமாக நடந்துகொண்டது. ஊசியின் வழக்கு இதோடு முடிந்தது என்பேன்.

பிசியோவின் வழக்கு முடியவில்லை. வெற்று ஊசிக்காரர்களில் பிசியோவும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் நான்கே வாரத்தில் நன்றாகத் தேறினார்கள். பெறாதவர்களில் 10 சதவீதம்தான். ஆனால் ஓராண்டில் பிசியோ பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குப் பிசியோவும் சேர்த்துக் கொடுத்தபோது, நான்காம் வாரத்தில்கூட அதனால் கூடுதல் பலன் இல்லை. ஊசி செய்யும் கெடுதலைப் பயிற்சியால் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் அந்த ஆய்வில் ஆதரவு இல்லை. ‘ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள், பிசியோவும் செய்துகொள்ளுங்கள்’ என்று எழுதித் தருகிற மருந்துச் சீட்டுகள் இன்றும் நம் ஊரில் சகஜம். அதற்கு இந்த ஆய்வில் இடமில்லை.

ஊசி ஏன் தோற்கிறது என்பதற்கு ஓரளவு நம்பத்தகுந்த விளக்கம் இருக்கிறது. மணிக்கட்டைப் பின்னுக்கு வளைக்கும் தசைகளில் ஒன்றின் தசைநாண், முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் ஒட்டியிருக்கிறது. அங்கேதான் வலி. அமெரிக்க எலும்பு முறிவு மருத்துவர் ராபர்ட் நிர்ஷல் 1979-ல் சக மருத்துவர் ஒருவருடன் எழுதிய கட்டுரையும் அதன் பின் வந்த திசுப் பரிசோதனைகளும் காட்டியது இதுதான்: நாள்பட்ட டென்னிஸ் எல்போவில் வீக்கத்துக்கான அணுக்கள் அநேகமாக இல்லை; ஒழுங்கு குலைந்த, ஆறாமல் பாதியில் நின்ற தசைநாண் இருக்கிறது. அழற்சியை அடக்கும் மருந்தை அழற்சி அதிகம் இல்லாத இடத்தில் செலுத்தினால் வலி மட்டும் மரத்துப் போகும். வலி போன ஆள் மறுநாள் காலை கோர்ட்டில் நிற்பார்.

பிசியோ அறையில் என்ன நடக்கிறது? பிரிஸ்பேன் ஆய்வில் கொடுத்தது இரண்டின் கூட்டு. முதலாவது, நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் பிரையன் மல்லிகன் வகுத்த முறை. நோயாளி மேசையில் மல்லாந்து படுத்திருப்பார், கை நீட்டியபடி. பிசியோ ஒரு கையால் முழங்கைக்கு மேலே மேற்கை எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முழங்கைக்குச் சற்றுக் கீழே முன்கையை வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளிப் பிடிப்பார். அந்தத் தள்ளல் விடாமல் இருக்கும்போதே நோயாளி கையை இறுக்கி மூட வேண்டும். சற்று முன்வரை காப்பி டம்ளரைத் தூக்கவே முகம் சுளித்தவர், இப்போது வலியில்லாமல் இறுக்குவார். பார்க்க மந்திரம் போல இருக்கும். தசைநாணில் அந்த நொடியில் ஒன்றும் மாறிவிடுவதில்லை. வலி உணர்வு தற்காலிகமாகத் தணிகிறது, அந்த இடைவெளியில் தசைக்கு வேலை கொடுக்க முடிகிறது.

இரண்டாவது பகுதியான பயிற்சியில் மந்திரம் எதுவும் இல்லை. பிசியோக்கள் பரவலாகச் சொல்லித்தரும் வடிவம் இது: முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்த்தபடி, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்க, ஒரு கிலோ டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்க வேண்டும். தூக்குவதற்கு இன்னொரு கையின் உதவி. இறக்குவது மட்டும் வலிக்கும் கையின் பொறுப்பு. கொஞ்சம் வலிக்கும். பத்தில் மூன்று, நான்கு அளவு வலி இருந்தால் தொடரலாம், மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான பிசியோக்கள் சொல்லும் அளவுகோல். சலிப்பூட்டும் வேலை. வாரக்கணக்கில் செய்தாக வேண்டும்.

இந்தப் பயிற்சியின் இன்னொரு வடிவம், ரப்பர் கம்பு ஒன்றை இரு கைகளாலும் முறுக்கி மெல்ல விடுவது. அமெரிக்காவில் டிமத்தி டைலர் குழுவினர் 2010-ல் இதைச் சோதித்துப் பிரமாதமான பலன் கண்டார்கள். அதன் பிறகு அந்த ரப்பர் கம்பு உலகெங்கும் விற்றது. ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 21 பேர். 21 பேரை வைத்து நம்பிக்கை வரலாம், முடிவு சொல்ல முடியாது.

ஆய்வுகளின் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். மாத்திரை ஆய்வில் உண்மையான மருந்து எது, போலி எது என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைக்கலாம். பிசியோவில் மறைக்க முடியாது. அரை மணி நேரம் ஒருவர் உங்கள் கையைப் பிடித்துப் பார்த்து, கேள்வி கேட்டு, அக்கறை காட்டிவிட்டு, ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும். அதில் எத்தனை பங்கு பயிற்சிக்கு, எத்தனை பங்கு கவனிப்புக்கு என்று பிரிக்க வழியில்லை. கைமுறையும் பயிற்சியும் கூட்டாகக் கொடுக்கப்பட்டதால் எது வேலை செய்தது என்பதும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடுகிறவர்களே இல்லை. டென்னிஸ் எல்போ வருகிறவர்களில் பெரும்பான்மை தச்சர், சமையல்காரர், கணினி முன் உட்காருகிறவர் போன்றோர்தான். இந்தியாவில் இந்த நோயின் பெயரை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவரும் டென்னிஸ்காரர் அல்ல. 2005-ல் லண்டனில் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்ட சச்சின் டெண்டுல்கர். ஆகவே மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைத் திருப்பி அடிக்கும் கைக்கு என்ன நடக்கும் என்பதை நாம் கடன் வாங்கிய சான்றை வைத்தே ஊகிக்கிறோம்.

ஆனாலும் டென்னிஸ்காரர்களைப் பொறுத்தவரை, ஓராண்டு முடிவில் வேறுபாடு இல்லை என்ற முடிவை நான் அப்படியே ஏற்கமாட்டேன். காரணம் டென்னிஸின் கணக்கு முறை. தொழில்முறை தரவரிசையில் கடந்த 52 வாரத்துப் புள்ளிகள்தான் எண்ணப்படும். போன ஆண்டு இதே வாரத்தில் வென்ற புள்ளி இந்த ஆண்டு இதே வாரத்தில் உதிர்ந்துவிடும். மருத்துவ ஆய்வாளர் 52-வது வாரத்தில் வந்து ‘எல்லாரும் சமம்’ என்று எழுதும்போது, பொறுத்திருந்த ஆட்டக்காரர் தரவரிசையிலிருந்தே காணாமல் போயிருப்பார். ஆறு மாதத்துக்கு மேல் காயத்தால் ஆடாதவர்களுக்குப் பாதுகாக்கப்பட்ட தரவரிசை என்ற சலுகை இருந்தாலும், நான்கு மாதம் முடங்குகிறவருக்கு அதுவும் இல்லை. நான்காம் வாரத்தில் 39-க்கும் 10-க்கும் உள்ள வேறுபாடு அவருக்கு வாழ்வா சாவா பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்பில் டபுள்ஸ் ஆடும் ஐம்பது வயது வங்கி அதிகாரிக்கு அப்படியில்லை. அவர் மூன்று மாதம் மட்டையைத் தொடாமல் இருந்தால் உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. ஒரே சிகிச்சை, ஒரே சான்று. இருவருக்கும் தீர்ப்பு வேறு.

இதுவரை பேசியது கைமுறையும் பயிற்சியும் கொண்ட பிசியோதெரபி. நம் ஊர் கிளினிக்குகள் பலவற்றில் கிடைப்பது அதுவல்ல. நுழைந்ததும் கட்டில், திரைச்சீலை, சுவரில் தோள்பட்டைச் சக்கரம், மூலையில் மெழுகுத் தொட்டி. முழங்கையில் நான்கு பேட்களை ஒட்டி ஐஎஃப்டி என்கிற மின்சாரக் கருவியைப் போட்டுவிட்டு, பையனோ பெண்ணோ அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். பதினைந்து நிமிடம் சுருசுருவென்று ஓடும். பிறகு ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட். ‘பத்து நாள் கரண்ட் வைங்க, சரியாயிடும்’ என்பார்கள். பிசியோ என்றாலே கரண்ட் வைப்பது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அல்ட்ராசவுண்ட் சிகிச்சை பற்றி 2001-ல் வெளியான ஒரு விமர்சன ஆய்வு, அதுவரை வந்திருந்த 35 ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தது. முறைப்படி நடந்தவை 10 மட்டுமே. அந்தப் பத்தில் எட்டில், ஓடாத கருவிக்கும் ஓடும் கருவிக்கும் வேறுபாடு தெரியவில்லை. கரண்ட் வைத்த பத்து நாளில் வலி குறைவது உண்மைதான். அந்தப் பத்து நாளும் அவர் ஆடாமல் இருந்தார் என்பதும் உண்மை. நெதர்லாந்து ஆய்வின் பிசியோவில் அல்ட்ராசவுண்டும் அழுத்தித் தேய்க்கும் மசாஜும் சேர்ந்திருந்தன; பிரிஸ்பேனில் அவை இல்லை. ஆறாம் வாரத்தில் அங்கே 47, இங்கே 65. இரண்டு வேறு ஆய்வுகளை இப்படி ஒப்பிடுவது முறையல்ல என்று தெரியும். இருந்தாலும் அந்த இடைவெளி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

மற்ற போட்டியாளர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மருந்துக் கடையில் விற்கும் முழங்கைப் பட்டை, அணிந்திருக்கும் நேரத்தில் சிலருக்கு வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் பிரித்த பிஆர்பி ஊசி, விலையில் உயர்ந்தது. 2021-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, வலியிலோ செயல்பாட்டிலோ அதனால் பொருட்படுத்தத்தக்க பலன் அநேகமாக இல்லை என்று முடித்தது. மட்டையின் கைப்பிடி அளவு தவறினால் எல்போ வரும் என்று எல்லா டென்னிஸ் கடைக்காரரும் சொல்வார். 2006-ல் கல்லூரி ஆட்டக்காரர்களின் முன்கைத் தசைகளில் மின்முனை பொருத்திப் பார்த்தபோது, கால் அங்குலம் கூட்டினாலும் குறைத்தாலும் தசையின் உழைப்பு மாறவில்லை.

கைப்பிடியைவிடக் கை முக்கியம். 1994-ல் ஒற்றைக் கை பேக்ஹேண்டை அளந்து பார்த்த ஓர் ஆய்வு, தேர்ந்தவர்கள் மணிக்கட்டைப் பின்னோக்கி வளைத்த நிலையில் பந்தைச் சந்திக்கிறார்கள், புதியவர்கள் உள்நோக்கி மடிந்த மணிக்கட்டோடு சந்திக்கிறார்கள் என்று கண்டது. மடிந்த மணிக்கட்டில் பந்து மோதும்போது அந்தத் தசைநாண் ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. இதை டம்பெல் திருத்தாது. கோச் திருத்த வேண்டும். பிசியோதெரபியால் தேறி, அதே பேக்ஹேண்டோடு கோர்ட்டுக்குத் திரும்புகிறவர் மீண்டும் கிளினிக்குக்கு வந்தால் அந்தத் தோல்வியைப் பிசியோவின் கணக்கில் எழுதக் கூடாது.

நட்சத்திரங்களின் கதைகளைச் சான்றாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நோவாக் ஜோகோவிச் முழங்கை வலியோடு நீண்ட காலம் போராடினார். 2017 விம்பிள்டனில் பாதியில் விலகி, அந்த ஆண்டின் மீதியை ஆடாமலே கழித்து, அறுவை சிகிச்சை இல்லாமல் இயற்கையாகக் குணமாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். 2018 தொடக்கத்தில் கத்தியிடம் சரணடைந்தார். அதன் பிறகு குற்ற உணர்வில் சில நாள் அழுததாக அவரே பேட்டியில் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் விம்பிள்டன் பட்டம். இதைக் காட்டி ‘சிகிச்சை என்றால் அறுவை சிகிச்சைதான்’ என்று சொல்லிவிடலாம். ஹுவான் மார்ட்டின் டெல் போட்ரோ இடது மணிக்கட்டில் 2014, 2015 ஆண்டுகளில் மூன்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, திரும்பியபோது இரண்டு கை பேக்ஹேண்டைப் பழையபடி அடிக்க முடியாமல் ஸ்லைஸையே நம்பி ஆட வேண்டியிருந்தது. இதைக் காட்டி அறுவை சிகிச்சையே கூடாது என்றும் சொல்லலாம். 2020 அமெரிக்க ஓபனை வென்ற டொமினிக் தீம், மறு ஆண்டு மணிக்கட்டுக் காயத்துக்குக் கத்தி வேண்டாம் என்று கட்டுப்போட்டுக் குணப்படுத்தினார். பழைய ஃபோர்ஹேண்ட் திரும்பவே இல்லை, 2024-ல் ஓய்வு பெற்றார். மூன்று பேர், மூன்று முடிவு. வேண்டிய தீர்ப்புக்கு வேண்டிய ஆளைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்பதால்தான் இந்தக் கதைகளை நான் தராசில் ஏற்றவில்லை.

தொலைக்காட்சியில் தெரியும் பிசியோவையும் ஏற்றவில்லை. மூன்று நிமிட மருத்துவ இடைவேளையில் டேப் ஒட்டலாம், தேய்த்துவிடலாம், எழுந்து ஆட முடியுமா என்று பார்க்கலாம். தசைப்பிடிப்புக்கு அந்த இடைவேளையும் கிடையாது. 2023 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் ஜோகோவிச்சுக்கு எதிராகக் கார்லோஸ் அல்காரஸின் கால் பிடித்துக்கொண்டபோது, உடனே பிசியோவை அழைப்பதற்கு ஒரு கேமையே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே நடப்பது முதலுதவி.

இனி வருமுன் காப்பது. பிசியோதெரபி மிகப் பெரிதாக வாக்குக் கொடுப்பதும், அதற்குக் கையில் மிகக் குறைவாகச் சான்று வைத்திருப்பதும் இங்கேதான். நெதர்லாந்து டென்னிஸ் சங்கத்தின் மருத்துவர் பாபெட் ப்ளைம் தலைமையில் 2006-ல் வந்த தொகுப்பாய்வு, டென்னிஸ் காயத் தடுப்பு பற்றி அதுவரை குலுக்கல் முறை ஆய்வு ஒன்றுகூட நடக்கவில்லை என்று எழுதியது. ரப்பர் பட்டையால் தோள்பட்டைப் பயிற்சி, படுத்தபடி தோளை உட்பக்கம் திருப்பி நீட்டும் ஸ்ட்ரெச், கால் தசை வலு என்று உலகமெங்கும் டென்னிஸ் அகாடமிகள் செய்துகொண்டிருந்த எதற்கும் நேரடிச் சான்று இல்லை. காரணகாரியம் மட்டும் இருந்தது. சர்வ் அடிக்கும்போது வரும் விசையில் பாதிக்கு மேல் கால், இடுப்பு, உடற்பகுதியிலிருந்து பிறக்கிறது என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவர் பென் கிப்லரின் கணக்கு. கால் சோம்பினால் தோள் ஈடுகட்ட வேண்டும், ஆகவே காலை வலுப்படுத்தினால் தோள் தப்பும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மருத்துவ வரலாற்றில் கேட்க நியாயமாக இருந்து பலிக்காமல் போனவை ஏராளம்.

பதினான்கு ஆண்டு கழித்து அதே நெதர்லாந்தில் ஆய்வு வந்தது. 579 வயதுவந்த ஆட்டக்காரர்கள். ஒரு பாதிக்கு டென்னிஸுக்கென்றே வடிவமைத்த பயிற்சிகள் கொண்ட கைப்பேசிச் செயலி, மறு பாதிக்கு அது இல்லை. காயங்கள் குறையவில்லை.

இதோடு வழக்கை மூடிவிடலாம் என்று தோன்றும். மூடவிடாமல் தடுப்பது நார்வேயின் ஹேண்ட்பால் ஆய்வு. ஹேண்ட்பால்காரரின் தோளும் டென்னிஸ்காரரின் தோளும் ஒரே வகைத் தொல்லையைச் சந்திப்பவை. தலைக்கு மேலே கையை ஓங்கி, ஆயிரக்கணக்கான முறை. அங்கே 45 அணிகள், 660 ஆட்டக்காரர்களை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில், வார்ம்-அப்பின் பகுதியாகப் பத்து நிமிடத் தோள்பட்டைப் பயிற்சி, வாரம் மூன்று முறை. தோள்பட்டைத் தொல்லைகள் 28 சதவீதம் குறைந்தன. பயிற்சிகள் நெதர்லாந்துச் செயலியில் இருந்தவற்றுக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. வேறுபாடு வேறிடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். ஹேண்ட்பால் அணியில் கோச்சும் கேப்டனும் முன்னே நின்று நடத்துகிறார்கள், அணி முழுவதும் கூடச் செய்கிறது, தப்ப முடியாது. டென்னிஸ்காரர் தனியாள். காலை ஆறு மணிக்கு கோர்ட் புக் செய்தவர் ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கார் நிறுத்தி, இரண்டு முறை கையைச் சுழற்றிவிட்டு சர்வ் போடத் தொடங்குவார். அவர் கைப்பேசியில் செயலி இருந்து என்ன பயன்?

முன்கூட்டியே பரிசோதித்து யாருக்குக் காயம் வரும் என்று சொல்லிவிடலாம் என்கிற வாக்கும் தள்ளுபடியாக வேண்டியதுதான். தோள் எத்தனை பாகை திரும்புகிறது, இடுப்பு எவ்வளவு வளைகிறது என்று அளந்து பட்டியல் கொடுக்கும் சேவைக்குப் பெரிய அகாடமிகளில் நல்ல கட்டணம். இப்படிப்பட்ட பரிசோதனைகள் தனிமனிதருக்கு வரும் காயத்தைக் கணிக்கவில்லை, அநேகமாகக் கணிக்கவும் போவதில்லை என்று நார்வே விளையாட்டு மருத்துவர் ரோல்ட் பார் 2016-ல் எழுதியதற்கு யாரும் திருப்தியான மறுப்புச் சொன்னதாகத் தெரியவில்லை.

சிறுவர்கள் விஷயத்தில் மட்டும் என் தராசு பிசியோவின் பக்கம் கொஞ்சம் இறங்குகிறது. 2007-ல் இங்கிலாந்தில் முதுகு வலியே இல்லாத 33 இளம் டென்னிஸ் வீரர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 28 பேரின் கீழ்முதுகில் ஏதாவது ஒரு மாற்றம். 9 பேருக்கு முள்ளெலும்பின் பின்வளையத்தில் அழுத்தப் பாதிப்பு. இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஸ்கேனில் தெரிவதெல்லாம் நோயல்ல, ஆகவே படத்தைக் காட்டிப் பெற்றோரைப் பயமுறுத்தக் கூடாது என்பது ஒன்று. வளரும் எலும்பு சத்தமில்லாமல் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, ஆகவே சுமையை யாராவது எண்ண வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் சரி. பதினான்கு வயதுப் பெண் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம், வார இறுதியில் போட்டி என்று ஆடும்போது, கோச்சுக்கு வெற்றி வேண்டும், அப்பாவுக்குத் தரவரிசை வேண்டும். இந்த வாரம் சர்வ் வேண்டாம் என்று சொல்வதில் ஆதாயம் ஏதும் இல்லாத ஒரே பெரிய மனிதர் பிசியோதான். அவர் அதைச் சொல்வதால் காயம் இத்தனை சதவீதம் குறையும் என்று எண் கொடுக்க முடியாது. சொல்ல ஆள் இல்லாத இடத்தில் என்ன ஆகிறது என்பது எந்த ஜூனியர் போட்டியிலும் தெரியும்: பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் முதுகில் பெல்ட்டோடு ஆடுகிறார்கள்.

என் தீர்ப்பு இது. டென்னிஸ் எல்போவுக்குக் கைமுறையும் பயிற்சியும் சேர்ந்த பிசியோதெரபி, சீக்கிரம் ஆட வேண்டிய கட்டாயம் உள்ளவருக்கு ஏற்ற முதல் சிகிச்சை. கட்டாயம் இல்லாதவருக்கு ஒரே ஒரு முறை போய், பயிற்சியைக் கற்றுக்கொண்டு, ஆட்டத்தைக் குறைத்துக் காத்திருப்பதே போதும். எட்டு முறை போகச் சொன்னால் காரணம் கேட்கலாம். ஸ்டீராய்டு ஊசி, இறுதிப் போட்டி அடுத்த வாரம் இருந்து, அதற்குப் பின் ஆடவே போவதில்லை என்று முடிவெடுத்தவருக்கு மட்டும். கருவிகளுக்குத் தனிக்கட்டணம் கேட்கும் கிளினிக்கில் அந்தக் கட்டணத்தைத் தர வேண்டியதில்லை. காயத் தடுப்பில் பிசியோதெரபி தன் வாக்கை இன்னும் நிரூபிக்கவில்லை. கைப்பேசியில் அனுப்பும் பயிற்சி வீடியோவாக அது பலிக்கவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. ஆள் முன்னே நின்று நடத்துகிற வார்ம்-அப்பாக அது டென்னிஸில் சோதிக்கப்பட வேண்டும். டென்னிஸ் கிளப்புகள் புதிய ஜிம் கருவிக்கு ஒதுக்கும் பணத்தில், மாலை நேர ஜூனியர் வகுப்புக்கு வாரம் மூன்று நாள் ஒரு பிசியோவைக் கோர்ட்டிலேயே நிறுத்தலாம், யார் எத்தனை சர்வ் போட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லலாம், இரண்டு சீசன் கழித்து அந்த நோட்டை எடுத்துப் பார்க்கலாம்.